பார்க்காமல் போட்ட சரி

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் அக்கா பெட்டியைக் கட்டினாள். கட்டிய பெட்டி இன்னும் கூடத்தில்தான் நிற்கிறது. ஒரு வாரத்துக்கு என்று வந்தவள். ஒன்பது மாதம் ஆகிவிட்டது. என் மனைவி இறந்தும் ஒன்பது மாதம்தான். 'கிளம்பறேன், கிளம்பறேன்' என்று சொல்லிக்கொண்டே அக்கா இருந்துவிடுவாள் என்பது எனக்குத் தெரியும். அதனால் நான் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியின் மேல் இப்போது மடிக்காத துணி கிடக்கிறது.

புதன்கிழமை காலை ஏழரை மணி. என் மகள் மிளகு, ரொட்டியின் ஓரத்தை மட்டும் கடித்துவிட்டு நடுவைத் தட்டில் வைத்திருந்தாள். வயது ஆறு. பிறந்தபோது ஆள் அத்தனை சிறிது, குரல் அத்தனை காரம். அவள் அம்மா வைத்த பெயர் அது. பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"பாக்காம சரி போட்டா அது பொய்யா?"

"எதுல?"

"பேப்பர்ல. கட்டத்துல."

அவளுடைய வகுப்பில் ஒரு மாதமாக நடக்கும் விஷயம் அது. நல்ல குடிமகன் யார், நல்ல குடிமகள் யார் என்று டீச்சர் கரும்பலகையில் எழுதிப் போடவில்லை. வேலை கொடுத்தார். திங்கட்கிழமை தோறும் ஆளுக்கு ஒரு தாள். தாளில் கட்டங்கள். குழாய் மூடியிருக்கிறதா? விளக்கு அணைந்திருக்கிறதா? குப்பை கூடைக்குள் இருக்கிறதா? போய்ப் பார், பார்த்துவிட்டு சரி போடு. கழுத்தில் ஒரு அட்டை. அட்டையில் 'சோதனையாளர்' என்று எழுதியிருக்கும். மிளகு அதைக் குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. இரண்டு தடவை நனைந்து, மூன்றாவது அட்டை நடக்கிறது.

"எங்க கிளாஸ் ரெட்டைஜடை என்ன பண்ணா தெரியுமா? பாத்ரூம் குழாயைப் போய்ப் பாக்கவே இல்ல. கிளாஸ்ல உக்காந்துக்கிட்டே சரி போட்டுட்டா. குழாய் தொறந்திருந்துச்சு. தண்ணி வெளிய வந்து, ஒண்ணாங் கிளாஸ் பொண்ணு வழுக்கி விழுந்து, இங்க ரெண்டு தையல்." தன் மோவாயைத் தொட்டுக் காட்டினாள்.

"டீச்சர் அடிச்சாங்களா?"

"டீச்சர் அடிக்க மாட்டாங்க. 'நீ போட்ட சரியை நம்பித்தானே அந்தப் பொண்ணு நடந்தா'ன்னு சொன்னாங்க. அவ்ளோதான். ரெட்டைஜடை அழுதா. ஒரு வாரத்துக்கு அட்டையை வாங்கி வெச்சுக்கிட்டாங்க. நேத்துதான் திருப்பிக் குடுத்தாங்க."

நான் காபியை எடுத்தேன்.

"நாம பாக்கல இல்லப்பா?" என்றாள் மிளகு. "அந்த லைப்ரரி வீட்டு லிஃப்ட்டை."

கோப்பை வாய்க்குப் போகாமல் நின்றது.

நான் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு லிஃப்ட்டையும் உச்சி மாடியில் இருக்கும் மெஷின் ரூமிலிருந்து அடியில் இருக்கும் குழிவரை பார்த்து எழுத வேண்டும். படிவத்தில் இருபத்திரண்டு கட்டங்கள். அதை நம்பித்தான் ஊர் ஏறி இறங்குகிறது.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு பிற்பகல். பள்ளி விடுமுறை. அக்காவுக்கு அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் விடுப்பு கிடைக்கவில்லை. மிளகைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்பது மாடிக் கட்டடம், ஏழாவது மாடியில் ஒரு நூலகம். கீழ்த்தளத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. உட்கார்ந்தேன். எழுந்திருக்கவில்லை. கால் வலியில்லை, காய்ச்சல் இல்லை. எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். அந்த நாட்களில் எனக்கு அப்படித்தான் இருந்தது. மிளகு சலித்துப்போய் என் முழங்காலை உதைத்தாள். படிவத்தை அவள் மடியில் வைத்து, பேனாவைக் கொடுத்து, 'ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு சரி போடு' என்றேன். நாக்கைத் துருத்திக்கொண்டு இருபத்திரண்டும் போட்டாள். கோட்டுக்கு வெளியே ஒன்றுகூடப் போகவில்லை. நான் கீழே கையெழுத்துப் போட்டேன்.

"டீச்சர் கேட்டாங்கப்பா, ஸ்கூலுக்கு வெளிய எங்க போய் சோதனை பண்ணலாம்னு. நான் கையத் தூக்கினேன். எங்கப்பா பாத்த லிஃப்ட் ஒண்ணு இருக்கு, நான்கூட சரி போட்டேன்னு சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. அப்பல்லாம் எனக்கு ஞாபகம் வரல. நேத்து குழாய் பாக்கும்போதுதான் வந்துச்சு."

"எப்போ போறீங்க?"

"இன்னிக்கு. பதினோரு மணிக்கு. லிஃப்ட் குரூப்புக்கு நான்தான் லீடர்." ரொட்டியின் நடுவில் விரலால் ஓட்டை போட்டாள். "டீச்சர் கேட்டா என்ன சொல்லணும்?"

சமையலறையிலிருந்து அக்கா வந்தாள். கையில் கரண்டி. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்பது கரண்டியைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"ஒண்ணும் சொல்ல வேணாம். கேட்டா 'அப்பா பாத்தாரு'ன்னு சொல்லு."

"அப்பா பாக்கலியே அத்தை."

"உனக்குத் தெரியாம பாத்தாரு."

"எப்போ?"

"நீ ஒண்ணுக்குப் போனப்போ."

"அன்னிக்கு நான் போகவே இல்லை. வீட்டுக்கு வர்ற வரைக்கும் அடக்கிக்கிட்டேன்."

"அப்பப்பா!" அக்கா நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். "வக்கீல் வயித்துல பொறக்க வேண்டியது. போ, ஷூ மாட்டு."

மிளகு போனதும் என்னைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள். குழாயைத் திறந்துவிட்டாள், சத்தத்துக்கு.

"டேய், நெஜமா?"

"ம்."

"குழந்தைய விட்டு... உனக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா?"

அந்தக் கேள்விக்கு ஒன்பது மாதமாக நானும் பதில் தேடுகிறேன்.

"அது விழுமா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா என்னடா அர்த்தம்? நீதானே அதுல பெரிய ஆளு?"

"பாத்தாதானே தெரியும்."

அவள் குழாயை மூடினாள். முகம் வெளுத்திருந்தது. எதற்கும் பயப்படாதவள் அவள். கடைக்கு வந்த திருடனைக் கண்ணாடி போட்டுப் பார்க்கச் சொன்னவள்.

"வெளிய தெரிஞ்சா வேலை போகும். வேலை மட்டும் போகாது. பிள்ளைய வெச்சுக்கிட்டு நீ..." முடிக்கவில்லை. "வாயைத் தொறக்காதே. நான் ஒரு வழி யோசிக்கறேன்."

வாசலில் மிளகு ஒரு ஷூவைப் போட்டுவிட்டு மற்றதைக் கையில் வைத்திருந்தாள். குனிந்து மாட்டிவிட்டேன். என் தலைக்கு மேலே மெதுவாகக் கேட்டாள்.

"அது விழுந்துச்சுன்னா போலீஸ் உன்னைப் பிடிக்குமா, என்னையா?"

"யாரையும் பிடிக்காது. அது விழாது."

"பாத்தியா?"

நாடாவை இரண்டு முடிச்சாகப் போட்டேன்.

பள்ளி வாசலில் டீச்சர் நின்றிருந்தார். ஒல்லியான பெண், தோளில் எப்போதும் சாக்பீஸ் தூள். கையில் ஏழு தாள்கள். முதல் தாளின் தலைப்பு எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது: லிஃப்ட்.

ஒரு வார்த்தை போதும். இன்றைக்கு வேண்டாம், இன்னொரு நாள் போங்கள். ஏன் என்று கேட்பார். நான் வாயைத் திறந்தேன்.

"இன்னிக்கு வெயில் ஜாஸ்தி," என்றேன்.

டீச்சர் வானத்தைப் பார்த்தார். மேகம் மூடிக் கிடந்தது.

"ஆமாமா," என்றார், மரியாதைக்கு.

அன்று எனக்கு வேறொரு கட்டடத்தில் வேலை. போகவில்லை. டார்ச்சும் சாவிக்கொத்தும் இருந்த பையை எடுத்துக்கொண்டு நேராக லைப்ரரி கட்டடத்துக்குப் போனேன். போகும்போதே கணக்குப் போட்டேன். மெஷின் ரூமைப் பார்க்க ஒரு மணி நேரம். சரியாக இருந்தால் பதினோரு மணிக்கு முன் கிளம்பிவிடலாம். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். சரியாக இல்லாவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. யோசனை அந்த மூலைக்குப் போகும்போதெல்லாம் திரும்பி வந்துவிட்டது.

வாட்ச்மேன் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றார். நடு வயது, தொப்பி ஒரு காதில் தங்கியிருந்தது.

"வாங்க சார், வாங்க! போன தடவை நீங்கதானே? பாப்பாவோட வந்தீங்க. அஞ்சே நிமிஷத்துல வேலைய முடிச்சீங்க. மத்தவங்கல்லாம் அரை நாள் இழுப்பாங்க. கைதேர்ந்த ஆளுன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவர் கேலி செய்யவில்லை. அதுதான் கஷ்டம்.

"சும்மா ஒரு பார்வை," என்றேன். "நான் மேல இருக்கற வரைக்கும் லிஃப்ட்ல யாரையும் ஏத்தாதீங்க."

முறை அதுவல்ல. தளம் தளமாகப் பலகை மாட்ட வேண்டும். கீழே லிஃப்ட்டைச் சாவி போட்டுப் பூட்ட வேண்டும். பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். காரணம் என்று என்ன எழுதுவது? வாட்ச்மேனின் வாயை நம்பிவிட்டு மாடிப்படி ஏறினேன்.

நாலாவது மாடியில் போன் அடித்தது. அக்கா.

"எங்க இருக்கே?"

"அங்கதான்."

"அங்க எதுக்குடா போனே?"

"பாக்க."

போனில் அவள் கடையின் சத்தம் கேட்டது. யாரோ எழுத்துகளை வாசித்துக்கொண்டிருந்தார்கள், தப்புத்தப்பாக.

"சரி, பாரு," என்றாள். "பாத்துட்டு எனக்குச் சொல்லு. மொதல்ல எனக்குச் சொல்லு. புரியுதா?"

மெஷின் ரூம் ஒன்பதாவது மாடிக்கு மேலே. இரும்புக் கதவு. திறந்ததும் சூடும் எண்ணெய் வாடையும் முகத்தில் அடித்தன. தரையில் தூசி. தூசியில் என் காலடி மட்டும்தான் விழுந்தது. மாதாமாதம் வர வேண்டிய மெக்கானிக்கும் வந்த தடம் இல்லை. அவனுக்கும் கட்டங்கள் கொண்ட ஒரு தாள் இருக்கும்.

முதலில் பிரேக். டார்ச்சை அடித்தேன். பிரேக் கட்டையில் ஒட்டியிருக்கும் பட்டை ஒரு விரல் கனம் இருக்க வேண்டும். அது தேய்ந்து உள்ளே இருந்த ஆணித் தலைகள் பளபளத்தன. ஐந்து மாதத்தில் இவ்வளவு தேயாது. அன்று பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தேகால். நேரம் இருந்தது.

அப்போது மெஷின் ஓட ஆரம்பித்தது.

யாரோ லிஃப்ட்டைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கூப்பிட்டு ஏறியும் விட்டார்கள். பெரிய சக்கரம் சுழன்றது. லிஃப்ட்டைத் தாங்கும் ஆறு இரும்புக் கம்பிகளும் அதன் மேல் வழுக்கிக்கொண்டு ஓடின. என் கண் தன்னால் மூலைக்குப் போனது. அங்கே ஒரு சின்னச் சக்கரம் உண்டு. கவர்னர் என்போம். லிஃப்ட் பெட்டி எப்போது நகர்ந்தாலும் அதோடு சேர்ந்து இதுவும் சுற்ற வேண்டும். வேகம் எல்லை மீறினால் பெட்டியைத் தண்டவாளத்தோடு கவ்வி நிறுத்துவது இதன் வேலை. பிரேக் கைவிட்டாலும் இது கைவிடாது. கடைசிக் கை இதுதான்.

பெரிய சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. சின்னச் சக்கரம் சும்மா இருந்தது.

கிட்டப் போனேன். அதன் மேல் கம்பி இல்லை. கம்பியைக் கழற்றி, ஓரமாக இழுத்து, பிளாஸ்டிக் கயிற்றால் ஆணியில் கட்டியிருந்தார்கள். அடிக்கடி கவ்வி நின்று தொல்லை கொடுத்திருக்கும். எவனோ தொல்லையைத் தீர்த்திருக்கிறான். முடிச்சின் மேல் தூசி கனமாகப் படிந்திருந்தது. வருஷத் தூசி.

அடுத்து நான் செய்ததை எந்தப் பயிற்சி மாணவனும் செய்ய மாட்டான். பெட்டி ஒரு தளத்தில் போய் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். முதல் நாள் சொல்லிக்கொடுப்பது அது. நான் காத்திருக்கவில்லை. மெயின் சுவிட்சை இழுத்தேன்.

மோட்டார் செத்தது. பிரேக் கட்டைகள் டமாரென்று மூடிக்கொண்டன. சக்கரம் நிற்க வேண்டும். நிற்கவில்லை. கிறீச்சென்று ஒரு சாண் வழுக்கியது. பிறகு நின்றது.

இரும்பு வெந்த வாடை வந்தது.

சுவரில் இருந்த இன்டர்காம் அடித்தது. பெட்டிக்குள்ளிருந்து வரும் அழைப்பு அது. எடுத்தேன்.

"ஹலோ? யாராவது இருக்கீங்களா? லிஃப்ட் நின்னுபோச்சு, விளக்கும் மங்கலா எரியுது." டீச்சரின் குரல். பாடம் நடத்தும் குரலிலேயே பேசினார். பின்னால் ஒரு குழந்தை விக்கிக்கொண்டிருந்தது. "நான் ஒருத்தி, பிள்ளைங்க ஏழு பேர்."

சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"பயப்படாதீங்க டீச்சர். நான் மேலதான் இருக்கேன். எல்லாரையும் கீழ உக்கார வையுங்க. கதவைத் தொட வேணாம். யாரும் குதிக்கக்கூடாது."

"மிளகோட அப்பாவா?"

"ஆமா."

"அப்பாடா!" என்றார் டீச்சர். அந்த 'அப்பாடா' என் காதில் வெகுநேரம் இருந்தது.

செல்போனில் வாட்ச்மேனைக் கூப்பிட்டேன்.

"யாரையும் ஏத்தாதீங்கன்னு சொன்னேனே!"

"யாரையும் ஏத்தல சார்! ஏழாவது மாடி அம்மாவையே படியில போகச் சொல்லிட்டேன், என்னைத் திட்டிக்கிட்டே போறாங்க. இவங்க ஏற வரல சார், சோதிக்க வந்தவங்க. கழுத்துல அட்டை மாட்டியிருக்காங்களே. வேன் சீக்கிரம் வந்துடுச்சாம். உங்க பாப்பாதான் முன்னாடி வந்து, 'நாங்க பாத்துட்டுதான் சரி போடுவோம்'னு சொல்லிச்சு. உங்க ஆளுங்கன்னு நெனச்சு விட்டுட்டேன்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். கம்பி அறுந்து பெட்டி கீழே விழும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். கம்பி அறுவது அபூர்வம். கம்பிகளின் மறுமுனையில் ஒரு எடைக்கல் தொங்குகிறது. பெட்டியில் பாரம் குறைவாக இருந்தால் எடைக்கல்லின் பக்கம்தான் கனம். பிரேக் விட்டால் பெட்டி கீழே போகாது. மேலே பறக்கும், கூரை இடிக்கும்வரை. ஒரு டீச்சர், ஆறு வயதுப் பிள்ளைகள் ஏழு பேர். பாரம் மிகக் குறைவு. அவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தது ஆணித் தலை தெரியும் அந்த இரண்டு கட்டைகள் மட்டும்தான்.

மறுபடி இன்டர்காம். இந்த முறை சின்னக் குரல்.

"அப்பா?"

"ம்."

"நீ பாக்கறியா?"

"பாக்கறேன்."

"என்ன பாக்கறே?"

"பிரேக்."

"சரியா இருக்கா?"

அக்காவாக இருந்தால் 'இருக்கு கண்ணு' என்று சொல்லியிருப்பாள். நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன். நாக்கு வரை வந்தது.

"சரியில்லை," என்றேன். "ஆனா பிடிச்சிருக்கு."

அவள் திரும்பி மற்றவர்களிடம் சொல்வது கேட்டது: "சரியில்லையாம். ஆனா பிடிச்சிருக்காம்." ஒரு குழந்தை பெரிதாக அழ ஆரம்பித்தது. இன்னொன்று, "நான் அப்பவே படியில போலாம்னு சொன்னேன்," என்றது.

"டீச்சர்," என்றாள் மிளகு, "இதுல நான் சரி போடணுமா, தப்பு போடணுமா?"

"இன்னும் சோதனை முடியலம்மா. முடிஞ்சப்புறம் போடலாம்."

டீச்சரின் குரல் அந்த இடத்தில் மட்டும் லேசாக உடைந்தது.

கையால் நகர்த்த வேண்டும். மோட்டார் தண்டில் மாட்ட ஒரு கைச்சக்கரம் சுவரில் தொங்குகிறது. பிரேக்கைத் தளர்த்த ஒரு நெம்புகோல். இரண்டு பேர் செய்கிற வேலை. ஒருவன் பிரேக்கைத் திறப்பான், ஒருவன் சக்கரத்தைப் பிடிப்பான். வாட்ச்மேனை மேலே கூப்பிட்டால் தளத்துக் கதவைத் திறக்க ஆள் இல்லை. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லலாம். வர இருபது நிமிஷம் ஆகும். அந்தக் கட்டைகள் இருபது நிமிஷம் தாங்குமா?

தெரியாது.

"அஞ்சாவது மாடிக்குப் போய் நில்லுங்க," என்று வாட்ச்மேனிடம் சொன்னேன். "முக்கோணச் சாவி இருக்கில்ல? நான் சொன்னப்புறம்தான் கதவைத் தொறக்கணும். அதுக்கு முன்னாடி தொறந்தீங்கன்னா..."

"சார், சொல்லாதீங்க சார். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க."

கைச்சக்கரத்தை மாட்டினேன். இடது கையால் அதைப் பிடித்தேன். வலது கையால் நெம்புகோலை ஒரு நூல் அளவு தூக்கினேன்.

சக்கரம் உயிரோடு திமிறியது. எடைக்கல் இழுக்கிறது. என் தோள் ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. நெம்புகோலை விட்டேன். கிறீச். வழுக்கல். நின்றது.

கம்பிகளில் தளத்துக்குத் தளம் மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கும். மஞ்சள் குறி மெஷின் சட்டத்தில் உள்ள கோட்டுக்கு நேராக வந்தால் பெட்டி தளத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ஐந்தாவது மாடியின் குறி கோட்டுக்கு இரண்டு முழம் தள்ளி இருந்தது.

ஒரு நூல் தூக்கு. விடு. கிறீச்.

ஒவ்வொரு முறையும் வழுக்கல் கொஞ்சம் அதிகமானது. கட்டை சூடேற ஏறப் பிடி குறையும். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் தூக்கினேன். இன்டர்காமைக் கொக்கியில் மாட்டாமல் தொங்கவிட்டிருந்தேன். பெட்டிக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். டீச்சர்தான் எண்ணச் சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் ஏழு குரல்களும் சேர்ந்து ஒரு எண். ஆறு. ஏழு. எட்டு. எட்டில் பெட்டி ஒரு முழம் எகிறியது. எண்ணுவது நின்றுவிட்டது. நான் கைச்சக்கரத்தின் மேல் உடம்போடு சாய்ந்தேன். விலா எலும்பில் இரும்பு ஏறியது. நின்றது.

கைச்சக்கரத்தை விடாமல் இன்டர்காமுக்குக் காது கொடுத்தேன்.

பிறகு மிளகின் குரல் மட்டும். "ஒம்போது சொல்லலாமாப்பா?"

"சொல்லு."

"ஒம்போது."

மஞ்சள் குறி கோட்டைத் தொட்டது.

"தொறங்க!" என்று போனில் கத்தினேன்.

கதவு விலகும் சத்தம். வாட்ச்மேன் ஒவ்வொருவராக எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு. டீச்சர் கடைசியாக வந்தார். எட்டு. அதுவரை நான் அந்தச் சக்கரத்தை விடவில்லை. எட்டு என்று கேட்ட பிறகும் விடவில்லை. விரல்கள் திறக்க நேரமானது.

மெயின் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு ஐந்தாவது மாடிக்கு இறங்கினேன். ஏழு பிள்ளைகளும் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், கழுத்தில் அட்டையோடு. ஒருத்தன் கால்சட்டை நனைந்திருந்தது. அதை மறைக்க டீச்சர் தன் துப்பட்டாவைக் கொடுத்திருந்தார்.

"நல்ல நேரம், நீங்க இங்க இருந்தீங்க," என்றார். கண்ணில் தண்ணீர். "பிள்ளைங்களா, இவருக்கு என்ன சொல்லணும்?"

"தேங்க் யூ, அங்கிள்!"

வாட்ச்மேன் கை தட்டினார். பிள்ளைகளும் தட்டினார்கள். மிளகு தட்டவில்லை. ஓடி வந்து என்னைக் கட்டிக்கொள்ளவும் இல்லை. தாளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"டீச்சர்," என்றாள், "அன்னிக்கு நான்தான்..."

"இல்லை," என்றேன். சத்தம் தேவைக்கு மேல் போய்விட்டது. பிள்ளைகள் திடுக்கிட்டார்கள். நான் தரையில் உட்கார்ந்தேன், அவர்கள் உயரத்துக்கு. "டீச்சர், போன தடவை இதைப் பாக்க வேண்டியவன் நான். பாக்கல. கீழ பெஞ்சுல உக்காந்துக்கிட்டே எல்லாம் சரின்னு குடுத்துட்டேன். பேனாவை இவ கையில குடுத்ததும் நான். கையெழுத்து என்னுது. இவளுக்கு இதுல ஒண்ணுமில்லை."

கைதட்டல் எங்கேயோ காணாமல் போனது. வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு மூடாமல் நின்ற லிஃப்ட் கதவைப் பார்த்தார். வெளுத்த முகம் மெல்லச் சிவந்தது. அவர் சொல்ல வந்ததைப் பிள்ளைகளுக்காக விழுங்கிக்கொண்டார்.

ரெட்டைஜடைதான் கேட்டாள். "அப்ப அங்கிள்கிட்டேயும் அட்டையை வாங்கிடுவாங்களா டீச்சர்?"

"அது நான் சொல்ல முடியாதும்மா," என்றார் டீச்சர். "அவரோட டீச்சர்கிட்ட அவரே சொல்லணும்."

பிள்ளைகளைப் படி வழியாகக் கூட்டிக்கொண்டு போனார். மிளகு என்னோடு இருக்கட்டும் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். அந்த யோசனை நியாயமானது. பிறகு அவள் கையை விட்டார்.

படியில் உட்கார்ந்து போனை எடுத்தேன். அக்காவின் தவறிய அழைப்புகள் மூன்று. முதலில் தனக்குச் சொல்லச் சொன்னாள். நான் அலுவலகத்தை அழைத்தேன். மேலதிகாரி எடுத்தார். என் மனைவியின் சாவுக்கு வந்து, ஒன்றும் பேசாமல் நாற்காலிகளை எடுத்துப் போட்டுவிட்டுப் போனவர். நல்ல மனிதர். அதனால் சொல்வது இன்னும் கடினமாக இருந்தது. சொன்னேன். கவர்னர், பிரேக், பெஞ்சு, பேனா. ஏழு பிள்ளைகள். நடுவில் அவர் குறுக்கிடவே இல்லை.

"பிள்ளைங்க எல்லாம் வெளிய வந்தாச்சா?"

"வந்தாச்சு சார்."

"லிஃப்ட்டைப் பூட்டிட்டியா?"

"பூட்டிட்டேன்."

பெருமூச்சு கேட்டது. அலமாரி திறக்கும் சத்தம். காகிதங்கள்.

"இந்த லிஃப்ட்டைப் பாத்ததா எழுதின அந்த மூணு மாசத்துல நீ முப்பத்தோரு கட்டடம் முடிச்சிருக்கே. எல்லாம் என் எதிர்ல இருக்கு. எல்லாத்துலயும் இருபத்திரண்டு சரி." தாள் புரளும் சத்தம். "பெஞ்சு இந்த ஒண்ணு மட்டும்தானாப்பா?"

யோசித்துப் பார்த்தேன். அந்த மூன்று மாதம் ஒரு சுவர் மாதிரி இருந்தது. வாசல்கள் நினைவில் இருந்தன. பைக்கை நிறுத்தியது நினைவில் இருந்தது. கையெழுத்துப் போட்டது நினைவில் இருந்தது. நடுவில் மாடிப்படி ஏறினேனா? எந்த மெஷின் ரூமின் வாடையும் மூக்கில் இல்லை. ஏறியிருக்கலாம். ஏறாமலும் இருந்திருக்கலாம். இந்த நேரத்தில் எத்தனை பேர் எத்தனை பெட்டிகளில் நின்றுகொண்டு தங்கள் மாடி வருவதற்காகக் காத்திருக்கிறார்கள்?

"எனக்கு நினைவில்லை சார்."

மறுமுனையில் நாற்காலி நகர்ந்தது. அவர் எழுந்து நின்றிருக்க வேண்டும்.

மிளகு என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எனக்கு ஞாபகம் இருக்குப்பா. நான் சரி போட்டதெல்லாம்."

அவளைப் பார்த்தேன். ஒரே ஒரு தடவை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

விரலை நிமிர்த்தினாள். "நீலக் கதவு வீடு. அங்க நாய் இருந்துச்சு." இரண்டாவது விரல். "அந்த ஆன்ட்டி பிஸ்கட் குடுத்தாங்களே, அந்த ஆபீஸ்." மூன்றாவது விரலில் கொஞ்சம் தயங்கினாள். "அப்புறம், பெரிய மீன் தொட்டி இருக்குமே, அந்த ஆஸ்பத்திரி."

"யாரு பேசறது?" என்றார் மேலதிகாரி போனில். "ஆஸ்பத்திரின்னாங்களே, எந்த ஆஸ்பத்திரி? ஏம்ப்பா, எந்த ஆஸ்பத்திரி?"

மிளகு நான்காவது விரலை நிமிர்த்தினாள்.